பாய்லருக்கு வைத்த பேர்

ஜூலை 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாயாடித் தங்கை எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். விடுதிக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் மட்டும் கொஞ்சம் குறைவாக நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பல் விழுந்ததிலிருந்து உன் பெண் சின்னது யாரிடமும் சிரிக்கமாட்டேன் என்கிறாளாமே? அண்ணி போனில் சொன்னார். உன்னோடு பேசத்தான் கூப்பிட்டேன். வழக்கம்போல நீ "ம்" என்று ஆரம்பிப்பதற்குள் அண்ணி உன் பங்குப் பதிலையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டார். அதனால்தான் இந்தக் காகிதம்.

இதழியல் படிப்பில் கடைசி வருஷம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் மேடம் ஒரு பெரிய நாளிதழில் செய்தி ஆசிரியராக இருந்தவர். ஆட்குறைப்பில் வெளியே வந்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறார். முதல் நாள் பலகையில் ஒன்றும் எழுதாமல் சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார். "உங்களுக்கு வேலை குடுக்கப் போற பத்திரிகை இனிமேதான் பொறக்கணும். பெத்து வளர்க்கப் போறதும் நீங்கதான்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

'ஊடகத் தொழில்முனைவு' என்று புதுப் பாடம் வைத்திருக்கிறார்கள். வருஷம் முடிவதற்குள் ஆளுக்கொரு பத்திரிகையோ சேனலோ தொடங்கவேண்டும். எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதை வைத்துத்தான் பாதி மதிப்பெண். நான் ஒரு மின்மடல் தொடங்குகிறேன், மின்னஞ்சலில் போகிற சின்னப் பத்திரிகை. நிருபர், ஆசிரியர், பிழை திருத்துபவர், விளம்பரம் பிடிப்பவர், முதலாளி எல்லாம் நானே. வேலைவாய்ப்பு முகாமுக்கு இந்த முறை ஒரே ஒரு கம்பெனி வந்தது. சோப்புக் கம்பெனி. சோப்பைப் பற்றித் தினம் ஒரு கவிதை எழுத ஆள் வேண்டுமாம். வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. நானும் நின்றேன், சிரிக்காதே.

என் மடலுக்கு 'பக்கத்து அறை' என்று பேர் வைத்திருக்கிறேன். நாம் தினமும் தொடுகிற பொருள்கள் எந்த அறையிலிருந்து வருகின்றன என்று எழுதப்போகிறேன். அது கிடக்கட்டும். உன் வேலை எப்படிப் போகிறது? போனில் கேட்டால் "போகுது" என்பாய். எழுதினால் கொஞ்சம் கூடச் சொல்வாய். எனக்கு வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜூலை 19

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவின் முழங்கால் தவிர இங்கே எல்லாரும் சுகம். முழங்காலும் சண்டை போடும் நேரத்தில் சரியாகிவிடுகிறது. சின்னது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள்.

முதலாளியும் நீயே, தொழிலாளியும் நீயே என்றால் சம்பள உயர்வு கேட்டுச் சண்டை போடும்போது மெதுவாகப் பேசு. உன் அறைத்தோழி பயந்துவிடப் போகிறாள்.

என் வேலையைக் கேட்டாய். எங்கள் சலவை ஆலையில் நான் ஓட்டுகிற பாய்லர் கோடை ஆரம்பத்தில் உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. முதலாளியிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். பாய்லருக்கு முன்னால் நெற்றி உயரத்தில் ஒரு ஆவிக்குழாய் குறுக்கே போகிறது இல்லையா, அதனால் நான் பாய்லருக்கு 'மாமனார்' என்று பேர் வைத்தேன். மூலையில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு துரும்பைக் கூட நகர்த்துவதில்லை, ஆனால் எதிரே போகிறவர்கள் எல்லாரும் குனிந்துதான் போகவேண்டும். இப்போது ஆலை முழுக்க அதே பேர்தான். மடிக்கிற பெண்கள் காலையில் என்னைப் பார்த்ததும், "மாமனார் இன்னிக்காவது எந்திரிச்சாரா?" என்று கேட்கிறார்கள். மேலாளர் மட்டும் சிரிப்பதில்லை. முதலாளியின் பெண்ணைத்தான் அவர் கட்டியிருக்கிறார் என்பது பேர் வைத்தபோது எனக்கு ஞாபகம் வரவில்லை.

சிரிப்பு அவ்வளவுதான். பாய்லர் இல்லாததால் எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறார்கள். வருவதெல்லாம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். பச்சைத் தண்ணீரில் கறை போகும், கிருமி போகாது. கடைசி அலசலில் ஏதோ வாசனைத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். வண்டியில் ஏற்றும்போது பூக்கடை நகர்ந்து போகிற மாதிரி இருக்கிறது. என்னை மடிக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். இதில் யாரோ ஒருவர் தையல் போட்ட வயிற்றோடு வந்து படுப்பார் என்று நினைத்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது. மேலாளரிடம் சொன்னேன். "நீ மடிக்கற வேலையை மட்டும் பாரு" என்றார்.

உன் அண்ணியிடம் சொன்னால் அவள் தூக்கம் போய்விடும். உன்னிடம் சொன்னால் எனக்கு ஆறும். அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். வேளைக்குச் சாப்பிடு. சோப்புக் கவிதை எழுதியிருந்தால் எனக்கும் ஒன்று அனுப்பு.

அண்ணன்


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

விடுதிக் கட்டணம் கட்டியாகிவிட்டது, உன் புண்ணியத்தில். எனக்குச் சளி, வேறொன்றுமில்லை. அம்மாவை மாடிப்படி ஏறவிடாதே.

'பக்கத்து அறை' படுத்துக்கொண்டது. சாக்பீஸ் செய்கிற அறையைப் பற்றி எழுதினேன். பஸ் டிக்கெட் அச்சடிக்கிற அறையைப் பற்றி எழுதினேன். சந்தாதாரர்கள் என் அறைத்தோழி, அவள் அம்மா, அப்புறம் தெரியாமல் பொத்தானை அழுத்திவிட்டு எப்படி வெளியே போவது என்று கேட்டு எழுதிய ஒரு பெரியவர். எங்கள் வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவனை 'பேனா' என்று கூப்பிடுவோம். அவன் படிப்பை விட்டுவிட்டு வீட்டுமனை விற்கப் போய்விட்டான். "அங்கேயும் கதைதானே சொல்லணும்" என்றான். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் பயமாக இருக்கிறது அண்ணா. நாலு பேர் முன்னால் தைரியசாலி மாதிரிப் பேசுகிறேன். ராப்பகலாக வேலை செய்தும் யாருமே படிக்காத ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் ஆலையிலிருந்து விரிப்புகள் வருவது இங்கேயிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான், தெரியுமா? அங்கே போய் ஒரு நர்ஸ் அக்காவைப் பார்த்தேன். நிறையச் சொன்னார். படுத்திருப்பவர்களுக்கு முதுகெல்லாம் தடிப்பு தடிப்பாக வருகிறதாம். உங்கள் ஆலைக்கும் போன் போட்டேன். "எல்லாம் கொதிக்கற தண்ணியிலதாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

உனக்கு ஒரு ஆச்சரியம் தயாராகிறது. இப்போது சொல்லமாட்டேன்.

தங்கை


செப்டம்பர் 2

அண்ணா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். உள்ளே வைத்திருக்கும் தாளைப் படித்தாயா? முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா? ஒரே வாரத்தில் ஊரே படித்துவிட்டது அண்ணா! முதலில் நர்ஸ் அக்கா தன் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் நோயாளிகளின் வீட்டாருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்றே தெரியவில்லை. சந்தா கட்டினவர்கள் பட்டியலை நானும் அறைத்தோழியும் உருட்டி உருட்டிப் பார்த்துக் கத்தினோம். தொலைக்காட்சியில்கூடச் சொன்னார்கள். அதிகாரிகள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்களாம்.

மேடம் என் முதல் வரியை வகுப்பில் உரக்கப் படித்தார். "அந்த ஆலையின் மூலையில் ஒரு மாமனார் உட்கார்ந்திருக்கிறார்; அவர் எழுந்திருக்காததால் நோயாளிகள் அழுக்கில் படுத்திருக்கிறார்கள்." எல்லாரும் கைதட்டினார்கள். அந்த வரி உன்னுடையது என்று எழுந்து சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. கவலைப்படாதே, உன் பேர், ஆலை பேர், ஊர் பேர் எதுவும் போடவில்லை. 'அங்கே வேலை செய்யும் ஒருவர்' என்றுதான் இருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் மேடம் மட்டும், "அனுப்பறதுக்கு முன்னாடி இதை யார் பார்த்தாங்க?" என்று கேட்டார். நானேதான் என்றேன். "எங்க காலத்துல மேசைக்கு எதிர்ல ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பார். எதைக் குடுத்தாலும் ரெண்டே கேள்விதான் கேப்பார். இதை யார் சொன்னது? தெரிஞ்சா அவருக்கு என்ன ஆகும்? எரிச்சலா வரும்" என்றார். பாவம், அவருக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது போல.

என்ன நினைக்கிறாய் என்று உடனே எழுது. அண்ணியிடமும் அம்மாவிடமும் படித்துக் காட்டு.

உன் சந்தோஷமான தங்கை


அக்டோபர் 9

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேறு ஒன்றுமில்லை, வேலை. அம்மா நன்றாக இருக்கிறார். அண்ணியும் நன்றாக இருக்கிறாள்.

உன் கட்டுரையைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். நான் உளறியதை நீ எழுதும்போது கனமாகிவிடுகிறது. அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இது எல்லாம் நம்ம பொண்ணா எழுதினாள் என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். முழங்கால் வலியெல்லாம் அன்றைக்கு எங்கே போயிற்றோ. உன் அண்ணி முதல் வரியையே பலமுறை படித்தாள்.

அதிகாரிகள் வந்தார்கள். பாய்லரைக் கழற்றிச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது ஆவி நன்றாக வருகிறது. விரிப்பெல்லாம் கொதிக்கிற தண்ணீரில்தான். நீ எழுதாவிட்டால் இது நடந்திருக்காது. அதை மட்டும் எப்போதும் ஞாபகம் வைத்துக்கொள்.

எனக்கு இப்போது காலையில் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. சின்னதை நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறேன். வாசலில் நின்று கையை ஆட்டினால், பல் முளைக்கிற இடத்தைக் காட்டிவிட்டு உள்ளே ஓடுகிறாள்.

ஒரு விஷயம். எப்போதாவது ஆலை முகவரிக்குக் கடிதம் போடுவாயே, இனி அப்படிப் போடாதே. வீட்டுக்கே எழுது. விடுமுறைக்கு வருகிறேன் என்று அலையாதே. உன் வேலைதான் முக்கியம்.

அண்ணன்


அக்டோபர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதி. நாலு வரியில் பாராட்டி முடித்துவிட்டாய், கஞ்சன். இங்கே இரண்டு நாளாக மழை. என் செருப்பு மட்டும்தான் நோயாளி.

அண்ணிக்கு என்மேல் ஏதாவது கோபமா? போன் செய்தால் பேசுவதே இல்லை. "இரு, அவர்கிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார். நீ ஒரு வார்த்தை பேசுவதற்குள் உலகக் கதையே சொல்கிற அண்ணியா இது?

இப்போது பெரிய செய்தி. நாடு முழுக்கப் படிக்கிற ஒரு செய்தித் தளத்திலிருந்து கூப்பிட்டார்கள். 'பக்கத்து அறை'யை அப்படியே எடுத்துக்கொண்டு எனக்கு வேலையும் கொடுப்பார்களாம். நிஜமான வேலை அண்ணா, நாற்காலி, மேசை, அடையாள அட்டை எல்லாம் உண்டு. எங்கள் வகுப்பில் யாருக்கும் கிடைக்காதது. ஒரே நிபந்தனைதான். இந்தக் கதையின் அடுத்த பகுதி வேண்டும் என்கிறார்கள். அடுத்த பகுதி இருக்கிறது. கட்டுரை வந்த பிறகு உங்கள் ஆலையிலிருந்து ஒருவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்களாம். விரிப்பு கொண்டுவருகிற வண்டிக்காரர் நர்ஸ் அக்காவிடம் சொன்னாராம்.

அதைக் கேட்டதும் முதலில் நீதானோ என்று பயந்தேன். அப்புறம் உன் கடிதம் ஞாபகம் வந்தது. நன்றாக இருப்பதாகத்தானே எழுதியிருக்கிறாய். மூச்சு வந்தது.

யார் அவர்? உனக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். எனக்காக ஒரு தரம் அவரைப் போய்ப் பாரேன். என்னோடு பேசச் சம்மதிப்பாரா என்று கேள். நான் அவருக்கு நல்லதுதான் செய்வேன்.

தங்கை


நவம்பர் 3

அன்புள்ள வாயாடிக்கு,

சுகம். உன் அண்ணிக்குத் தொண்டை சரியில்லை, அதனால்தான் அதிகம் பேசுவதில்லை. கோபம் எல்லாம் ஒன்றுமில்லை. செருப்பு புதிதாக வாங்கிக்கொள்.

வேலை வரப்போகிறது என்று படித்ததும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உறுதியான பிறகு சொல்கிறேன். சொன்னால் இந்தத் தெருவில் யாருக்கும் காது மிஞ்சாது. உனக்கு வேலை கிடைக்கவேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசையில்லை.

நீ சொன்ன ஆளை எனக்குத் தெரியும். பேசிப் பார்த்தேன். பேட்டி எல்லாம் வேண்டாம் என்கிறான். வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், குழந்தை இருக்கிறது, மறுபடி பேர் அடிபட்டால் தாங்கமாட்டார்கள் என்கிறான். அவன் கையில் முறையான தொழில் சான்றிதழ் இருக்கிறது. இரண்டு மூன்று ஆலைகளில் போய்க் கேட்டிருக்கிறான். இவன் விஷயத்தை வெளியே சொல்கிறவன் என்று இவனுக்கு முன்னாலேயே அங்கே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிறான். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

அவன் யார்மேலும் கோபமாக இல்லை. அவன் மனைவிக்குக் கொஞ்சம் இருக்கிறது. போகப்போகச் சரியாகிவிடும்.

அவனை விட்டுவிடேன். வேறு கதை எழுது. இவ்வளவு பெரிய ஊரில் அறைகளுக்கா பஞ்சம்?

அண்ணன்


நவம்பர் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணிக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். அம்மாவுக்கு என் அன்பு.

நீ எழுதியதைப் படித்து அந்த மனிதருக்காக அழுதேன். உண்மையாகவே அழுதேன். அதனால்தான் விட முடியாது அண்ணா. சான்றிதழ் வைத்திருப்பவர் மூட்டை தூக்குகிறார், அதைப் பற்றி யாருமே எழுதவேண்டாமா? செய்தித் தளத்தில் இந்த மாதக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பார்கள். அதற்குள் கொடுக்காவிட்டால் இந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். மின்மடல் நடத்துகிறவர்கள் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறோம்.

அவர் என்னைப் பார்க்கவேண்டாம். பேர் வேண்டாம், முகம் வேண்டாம். இந்தக் கேள்விகளை மட்டும் அவரிடம் கேட்டுப் பதிலை எழுதி அனுப்பு. அவர்தான் சொன்னார் என்று ஆலையில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சொன்னதற்காக இப்போது வருத்தப்படுகிறாரா? அந்தக் கட்டுரையை எழுதியவரிடம் சொல்ல அவருக்கு ஏதாவது இருக்கிறதா?

எனக்காக இது ஒன்றைச் செய். இனிமேல் எதுவும் கேட்கமாட்டேன்.

தங்கை


டிசம்பர் 6

அன்புள்ள தங்கைக்கு,

எல்லாரும் இருக்கிறோம். மாதக் கடைசி தாண்டிவிட்டது, தெரியும். எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக நாள் போய்விட்டது. கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இன்னும் காத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்.

நீ கேட்டதை அவனிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றான். அப்புறம், கேள்வி என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும் என்றான். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மேலாளர் எல்லாரையும் மடிக்கற மேசைகிட்ட வரச் சொன்னாரு. போனைப் பார்த்து முதல் வரியைச் சத்தமா படிச்சாரு. பாய்லரோட பேரு வந்ததும் ரெண்டு மூணு பேரு சிரிச்சுட்டாங்க. சிரிச்சவங்க எல்லாம் என் பக்கம் திரும்பினாங்க. காட்டிக் குடுக்கணும்னு திரும்பல. பழக்கம். அந்தப் பேரைச் சொன்னா என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க, வச்சவன் நான்தானே. அப்புறம்தான் அவங்களுக்கே புரிஞ்சுது. மடிக்கற பொண்ணு ஒண்ணு அங்கேயே அழுதுடுச்சு.

"வருத்தம்னு சொல்ல முடியாது. ஆலைப் பக்கமா போனா ஆவி வர்ற சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. இனிமே யார் முதுகும் தடிக்காது. அது நல்ல விஷயம்தானே. நான் நின்னு கேக்கறதில்லை, அவ்வளவுதான்.

"எழுதினவங்ககிட்ட சொல்ல என்ன இருக்கு? நல்லா எழுதியிருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா, எழுதுன்னுதான் சொல்லியிருப்பேன். அந்தப் பேரை மட்டும் எடுத்துடும்மான்னு சொல்லியிருப்பேன்."

இவ்வளவுதான் சொன்னான். உனக்கு வேண்டியது இதில் இருந்தால் எடுத்துக்கொள். குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கு.

அண்ணன்


டிசம்பர் 12

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவேண்டும். இத்தனை மாதமும் நீ சுகம் சுகம் என்று எழுதினாய், நானும் நம்பினேன். நம்பினால் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துக் கட்டில்மேல் பரப்பி வைத்துப் படித்தேன். நீதான் பேர் வைத்தாய் என்று ஜூலையிலேயே எழுதியிருக்கிறாய். காலையில் சின்னதைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன் என்று அக்டோபரில் எழுதியிருக்கிறாய். எந்த ஆலைக்காரன் காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பான்? அம்மாவின் முழங்கால், சின்னதின் பல், அண்ணியின் தொண்டை, எல்லாமே என் கண்ணெதிரில் இருந்தது. கவனிப்பதற்குத்தான் எனக்குப் பட்டம் கொடுக்கப்போகிறார்கள். நான் அழுதுகொண்டே இருக்கிறேன், அறைத்தோழி டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "உனக்கு எதிர்ல ஒரு நாற்காலி போட்டிருக்கணும். போடாம அனுப்பினது நாங்கதான்" என்றார். அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நாற்காலி இல்லாவிட்டால் என்ன, ஒரு போன் போட்டிருக்கலாம். போடாததற்குக் காரணம் உனக்கு ஆச்சரியம் வைக்கவேண்டும் என்பதுதான்.

செய்தித் தளத்தில் இன்னும் காத்திருக்கிறார்கள். நீ எழுதி அனுப்பியதைப் போல் ஒன்று எனக்கு இனிமேல் கிடைக்காது. அதை எழுதவேண்டும் என்று இருக்கிறது. நான் செய்ததையும் சேர்த்து எழுதவேண்டும் என்று இருக்கிறது. அது உனக்காகவா, வேலைக்காகவா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை அண்ணா, பொய் சொல்லமாட்டேன். அதனால் கேட்கிறேன். முதல் தரமாகக் கேட்கிறேன். எழுதலாமா?

வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. நான் கிளம்பி வரட்டுமா?

தங்கை


ஜனவரி 24

நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. இதை மூன்று தரம் கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

அத்தை சௌக்கியம். சின்னதுக்குப் பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல். எனக்குத் தொண்டையில் எந்தக் காலத்திலும் ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வந்தபோது உன் அண்ணன் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் வேலை. பாய்லர் வேலை இல்லை, ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. இரண்டு வருஷம் முடியாமல் திரும்பி வரமுடியாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். உன்னிடம் சொல்லவேண்டாம், படிப்பு முடியட்டும் என்றார். சந்தையில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டதும் உனக்குத் தெரியாது. கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று எழுதினாரே, அப்போது சாய்ந்து உட்காரக்கூட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுதினார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். "நீ எழுதினா அவளுக்குத் தெரிஞ்சுபோகும்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

உன் கடைசிக் கடிதத்தைப் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தார். முடித்ததும் சிரித்தார். "கேட்டுட்டா பார்த்தியா" என்று என்னிடம் காட்டினார். நீ ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எழுதச் சொல்லு, பேரைக்கூடப் போட்டுக்கட்டும், நான்தான் இங்கே இருக்கமாட்டேனே, அவளுக்கு வேலை கிடைக்கட்டும் என்றார். இதை உனக்கு எழுதிவிடு என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்வது. எழுதவேண்டாம்.

அவர் போய்விட்டார். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம். கடைக்குப் போனால் என்னைத்தான் பார்க்கிறார்கள். சின்னதைப் பள்ளிக்கூடத்தில், உங்க அப்பா எங்கே என்று கேட்கிறார்கள். நீ எழுதியதால் நல்லது நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் சித்தப்பாவே அந்த ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார், இப்போது விரிப்பு சூடாக வருகிறது என்று சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் நீ அவரைக் கேட்டாய், அவர் சரி என்றார், முடிந்தது என்று நினைக்காதே. அவர் உனக்கு எப்போது முடியாது என்று சொல்லியிருக்கிறார்? என்னையும் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

உன்மேல் கோபமாக இருக்கிறேன். எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியாது. இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்து என் காலில் விழாதே, எனக்கு அது பிடிக்காது. அத்தைக்கு உன்னைப் பார்க்க ஆசை, அத்தையைப் பார்க்க வா. சின்னது தினமும் உன்னைக் கேட்கிறாள்.

அவருடைய முகவரியும் போன் எண்ணும் போன வாரம் வந்தன. உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவருக்கு எழுதுவதை இங்கே அனுப்பு. நான் ஒரு எழுத்துக்கூடப் படிக்காமல் அப்படியே சேர்த்துவிடுகிறேன். முகவரியை உன் கையில் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

குளிருக்குக் கம்பளி போர்த்திக்கொள்ளச் சொன்னார்.

அண்ணி